றப்பர் கத்தியும் நம் பிள்ளைகளின் வீரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. தற்காப்பு வகுப்பு நடத்துகிற மாஸ்டர்மார் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அவர்களில் இரண்டு பேர் என்னுடைய நண்பர்கள். இதையெல்லாம் அவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

விசயம் இதுதான். கத்தியோடு வருகிறவனை வெறுங்கையால் மடக்குவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் பெரும்பகுதி நாடகம். பிள்ளையைக் காப்பாற்றாத நாடகம் என்றால்கூடப் பரவாயில்லை, விட்டுவிடலாம். இது ஓட வேண்டிய இடத்தில் பிள்ளையை நிற்கவைக்கிற நாடகம்.

பரிசளிப்பு விழா மேடைகளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டுப் போடுவார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பொடியன் றப்பர் கத்தியோடு நான்கு அடி தள்ளி நிற்பான். "ஹாய்!" என்று கத்துவான். ஒரு அடி முன்னால் வைத்து ஒரேயொரு தரம் குத்துவான். குத்தின கை அப்படியே காற்றில் நிற்கும், படம் எடுக்க நிற்பதுபோல. மற்றவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து, திருகி, நிலத்தில் போட்டு, கத்தியைப் பறித்து, விழுந்தவனுக்கே அதைக் குத்துவதுபோல் காட்டுவான். கைதட்டல். உம்மாமார் கைத்தொலைபேசியில் எடுத்து அன்றிரவே குழுமத்தில் போடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து கைதட்டுகிறவன்தான், பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் பழகியிருக்கிறார்கள். ஆனால் அது நடனம். நடனத்தை நடனம் என்று சொல்லிக் காட்டினால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

உண்மையில் கத்தியால் குத்துகிறவன் எப்படி வருகிறான்? அவன் கத்துவதில்லை. கத்தியைக் காட்டுவதும் இல்லை. தொடைக்குப் பின்னாலோ சாறத்துக்குள்ளோ மறைத்து வைத்துக்கொண்டு, கதைக்க வருகிறவன்போல் கிட்ட வருவான். இடக்கையால் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுப்பான். வலக்கை தையல் மெசின் ஊசிபோல் உள்ளே போய் வெளியே வரும், ஒரு தரம் அல்ல, நிறுத்தும்வரை. குத்து வாங்கி உயிர்தப்பியவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்லுகிற ஒரு விசயம், முதலில் யாரோ கையால் இடித்ததாகத்தான் நினைத்தோம் என்பது. இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கத்தி என்று தெரிகிறது. இந்த இடத்தில் "மணிக்கட்டைப் பிடித்துத் திருகு" என்ற பாடம் எங்கே நிற்கும்? எந்த மணிக்கட்டை? அது ஒரு செக்கன் ஒரு இடத்தில் நின்றால்தானே பிடிப்பதற்கு!

அமெரிக்காவில் சோல்ட் லேக் சிற்றி என்ற நகரத்துப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் ருயெல்லர் 1983 இல் ஒரு கணக்குப் பார்த்தார். கத்தியோடு நிற்கும் சாதாரண ஆள் ஒருவன் 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஏறத்தாழ ஒன்றரை செக்கன். இடுப்பில் துவக்கு வைத்திருக்கும் பொலிஸ்காரர் அதை உருவிச் சுடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் எடுக்கும். 21 அடி என்றால் கரும்பலகையிலிருந்து கடைசி வாங்கு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துவக்கு உள்ளவனுக்கே நிலைமை இது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு அடியில் நின்று, வெறுங்கையோடு, "பயப்படாதே, பிடி" என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

நமது ஊர்க் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நம்மைப் பயமுறுத்துவது கத்தி மட்டுமல்ல, வாள். மோட்டார் சைக்கிள்களில் முகத்தை மூடிக்கொண்டு கூட்டமாக வருவது, கேற்றை உதைத்துத் திறப்பது, ஜன்னலை நொறுக்குவது, நிற்கிற வாகனத்தைக் கொளுத்துவது, குறுக்கே வந்தவனை வெட்டுவது. "வாள்வெட்டு" என்ற சொல் பத்திரிகையில் வானிலை அறிக்கைபோல் வரத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல். 2016 ஒக்டோபரில் சுன்னாகத்தில் சிவில் உடையில் நின்ற இரண்டு பொலிசாரை வெட்டினார்கள். ஆவா குழு என்ற பெயரில் துண்டுப்பிரசுரமும் வந்தது. 2017 ஜூலை 30 ஆம் திகதி கொக்குவிலில் இன்னும் இரண்டு பொலிசார் வெட்டப்பட்டார்கள். அவர்கள் பயிற்சி இல்லாதவர்களா? பொலிஸ் கல்லூரியில் பழகியவர்கள், சம்பளத்துக்கு இதையே தொழிலாகச் செய்பவர்கள்.

இப்போது சொல்லுங்கள், தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்காக வைத்துத் தடுக்கும் அந்த அடவை ஏன் இன்னமும் வாளுக்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கிறோம்? தடிக்கு அது சரி. வாளுக்கு அப்படிக் கையைக் கொடுத்தால் முழங்கைக்குக் கீழே எலும்புவரை போகும். கையால் தடுத்தவர்களுக்கு உள்ளங்கையிலும் முன்கையின் வெளிப்பக்கத்திலும் வரும் வெட்டுக்கு சட்டவைத்தியத்தில் தனிப்பெயரே இருக்கிறது, தற்காப்புக் காயம் என்று. கத்தியைக் கையால் தடுக்கும் எண்ணம் மனிதனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவன் இருக்கிறான். ஊர் பேர் வேண்டாம். நல்ல பொடியன், கராட்டியில் மண்ணிறப் பட்டி. ஒரு சின்னக் கொடுக்கல் வாங்கல் தகராறில் ஒருவன் கத்தியை எடுத்தபோது கூட இருந்த மூன்று பேர் ஓடிவிட்டார்கள். இவன் ஓடவில்லை. வகுப்பில் நின்றதுபோல் நின்றான். உயிருக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலக்கையில் இரண்டு விரலை இன்றுவரை முழுதாக மடிக்க முடியாது. அவனுடைய வாப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சேர், மற்றப் பொடியன்கள் ஒன்றும் பழகாததாலதானே தப்பினாங்கள்?"

இதற்கு மாஸ்டர்மார் சொல்லுகிற பதில், அடிப்படை வேண்டும், முதலில் மெதுவாகப் பழகித்தான் பிறகு வேகம் வரும் என்பது. சரி, ஒப்புக்கொள்கிறேன். எழுத்துக்கூட்டாமல் யாரும் வாசிக்கத் தொடங்குவதில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஆறு வருடம் வகுப்புக்கு வந்து இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தால் பெற்றோர் என்னைச் சும்மா விடுவார்களா? எத்தனை வகுப்பில் அந்த "பிறகு" வந்திருக்கிறது? கறுப்புப் பட்டிச் சோதனையிலும் அதே ஒற்றைக் குத்து, அதே காற்றில் நிற்கும் கை.

ஜப்பான்காரன் இதில் நம்மைவிட நேர்மையானவன். கொடோகன் ஜூடோவில் 1956 இல் தற்காப்புக்கென்று 21 அடவு கொண்ட ஒரு தொகுதியை அமைத்தார்கள். அதில் கத்திக்கு மூன்றுதான். அதையும் "கட்டா" என்ற வகையில் வைத்தார்கள். அதாவது இது ஒரு வடிவம், ஒழுங்கைப் பழகுவதற்கானது. அந்த வடிவத்தை எடுத்துவந்து, ரோட்டில் நடப்பது இதுதான் என்று விளம்பரம் ஒட்டியது நம் ஆட்கள். நம் மூத்தவர்களின் சீனடி, சிலம்படியையும் எடுத்துப் பாருங்கள். கிழக்கில் அண்ணாவிமார் கம்பு பழக்கும்போது அடி உண்மையாகவே விழும். தவறினால் விரல் வீங்கும். அந்த வீக்கம்தான் அங்கே ஆசிரியர். றப்பர் கத்தி வகுப்பில் தவறுக்கு விலையே இல்லை. அதனால் யாருக்கும் தன் தவறு தெரிவதில்லை.

தெரியவைப்பது கஷ்டமும் இல்லை, செலவும் இல்லை. சிவப்புச் சோக்கட்டியைத் தூளாக்கி றப்பர் கத்தியின் ஓரத்தில் பூசுங்கள். தற்காக்கிறவனுக்கு ஒரு பழைய வெள்ளை சேட்டு. கத்தி பிடித்தவனுக்கு ஒரே கட்டளை: ஒரு குத்தோடு நிறுத்தாதே, மற்றக் கையால் பிடி, இழு, நான் விசில் அடிக்கும்வரை விடாதே. பத்து செக்கன். பிறகு சேட்டைப் பாருங்கள். விடுமுறையில் உயர்தரப் பொடியன்கள் சிலரோடு இதைச் செய்து பார்த்தேன். பட்டி வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒருவனுடைய சேட்டும் வெள்ளையாகத் திரும்பவில்லை. கழுத்தில் சோக்கு, வயிற்றில் சோக்கு, கையில் எண்ண முடியாத கோடுகள். முதலில் சிரித்தார்கள், மூன்றாவது ஆளுக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மௌனத்தில்தான் உண்மையான முதல் பாடம் தொடங்கியது. "சேர், அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். ஆறு வருட வகுப்பில் ஒருவனும் கேட்காத கேள்வி.

என்ன செய்வது? முதலில் ஓடப் பழக்குங்கள். சிரிக்காதீர்கள். திரும்புவது, எந்தப் பக்கம் ஒழுங்கை திறந்திருக்கிறது என்று பார்ப்பது, செருப்பை உதறிவிட்டு ஓடுவது, ஓடும்போது கத்துவது, எல்லாமே பழக்கம்தான். பழகாதவன் உறைந்து நிற்பான். ஓட வழியில்லாவிட்டால் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். புத்தகப்பை, கதிரை, சைக்கிள், ஹெல்மெட், கதவு. பையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு கதவடிக்குப் போவதை எத்தனை வகுப்பில் பழக்கியிருக்கிறார்கள்? அதுவும் இல்லை, அவன் பிடித்தேவிட்டான் என்றால் மட்டும்தான் கைப்பாடம். இரண்டு கையாலும் அந்த ஒரு கையைக் கட்டிப்பிடித்து, உடம்போடு ஒட்டி, சுவரோடு அமுக்கி, விடாமல் கத்தி உதவி கூப்பிடுவது. அழகாக இருக்காது. மேடையில் காட்ட முடியாது. படம் எடுத்தால் இரண்டு பேர் சேற்றில் உருளுவதுபோல் இருக்கும். வெட்டுப் படாமல் வருவோம் என்ற உறுதியும் இல்லை, அதையும் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாயை விட்டும் வெளியே வாருங்கள். நம் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் மதில். மதிலுக்கு நடுவில் பழக்குங்கள். ஜின்னா மைதானத்தில் இருட்டுப்படுகிற நேரத்தில் பழக்குங்கள். பாடசாலைச் சப்பாத்தோடு, சாறத்தோடு, அபாயாவோடு பழக்குங்கள். வெள்ளைக் கராட்டி உடுப்போடு யாரும் கடைக்குப் போவதில்லை.

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் 2021 செப்டெம்பர் 3 ஆம் திகதி நடந்தது ஞாபகமிருக்கும். வெட்கத்தோடு சொல்லவேண்டிய விசயம், செய்தவன் நம் நாட்டிலிருந்து போனவன், நம் பெயர் வைத்தவன். பேரங்காடியின் தட்டில் விற்பனைக்கு வைத்திருந்த கத்தியை எடுத்தான். ஆயுதம் தாங்கிய பொலிசார் அன்று அவனைப் பின்தொடர்ந்து வந்து பக்கத்திலேயே இருந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே சுட்டுவிட்டார்கள். அதற்குள் பலருக்குக் காயம். கத்திக்குக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமானது என்று இதைவிடத் தெளிவாக எந்த மாஸ்டரும் சொல்லமுடியாது.

இனி நம் சமூகத்துக்குள் வருகிற எதிர்ப்பு. இதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். நிர்வாகசபையில் இருக்கிற ஒரு பெரியவர் சொன்னார், "தம்பி, 2019 ஐ மறந்துட்டீங்களா? நம்மட பொடியன்கள் கத்தி பிடிச்சுப் பழகுறாங்கள் எண்டு ஒரு வீடியோ வெளியே போனால் போதும்." மறக்கவில்லை. ஏப்ரல் 21 இற்குப் பிறகு பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் தேடுதல் நடந்ததும், வாளும் கத்தியும் மேசையில் அடுக்கித் தொலைக்காட்சியில் காட்டியதும், தேங்காய்க் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் உம்மாமார் முழித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. 1990 ஒக்டோபரில் ஒரு சொல்லில் ஊரையே காலிசெய்யவைக்கப்பட்ட சமூகம், சந்தேகத்தின் விலையை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பயத்திலிருந்து பெறவேண்டிய முடிவு வேறு. ஒளித்துச் செய்தால்தான் ஆபத்து. கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற கராட்டி வகுப்பையும் சந்தேகிப்பார்கள், மைதானத்தில் எல்லோரும் பார்க்கச் செய்கிற கத்திப் பயிற்சியையும் விளங்கிக்கொள்வார்கள். பொலிஸ் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், வாள் அவர்கள் வீட்டுக் கேற்றையும்தான் கொத்துகிறது. பெற்றோர் கதிரை போட்டு இருக்கட்டும். உண்மையான இரும்பு ஒரு அங்குலம்கூட வகுப்புக்குள் வரக்கூடாது. றப்பர், பஞ்சு, தடித்த மட்டை, அவ்வளவுதான். விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள், உறையில்லாத வாளைக் கைமாற்றுவதையும் தடுத்திருக்கிறார்கள். இந்த ஒழுக்கம் நமக்குப் புதிதல்ல. தவக்குல் போதும் என்று சொல்கிறவர்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டச் சொன்னதும் அதே நபியவர்கள்தான்.

"உண்மைபோல் குத்தப் பழக்கினால் பொடியன்கள் சண்டியர்களாகிவிடுவார்கள்" என்று இன்னொரு கதை. வாளோடு திரிகிறவர்களில் யார் வகுப்புக்குப் போய்ப் பழகினான்? வெட்டுவதற்குப் பயிற்சி தேவையில்லை, அதுதான் கத்தியின் சாபமே. குத்துகிற பாத்திரத்தை மாஸ்டர்மாரும் வளர்ந்தவர்களும் எடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நான் பார்த்த அளவில், சோக்குப் படிந்த தன் சேட்டைப் பார்த்த பொடியனுக்குச் சண்டியன் ஆகும் ஆசை குறைகிறது. மேடையில் மூன்று பேரைச் சாய்த்துக் கைதட்டு வாங்கியவனுக்குத்தான் அது கூடுகிறது.

மேடையில் கடைசியில் கத்தியைப் பறித்து விழுந்தவனுக்கே குத்துகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உரிமை இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. நிராயுதபாணியாக நிலத்தில் கிடப்பவனைக் குத்தினால் அது தற்காப்பு அல்ல, நீங்கள் எதிரி. பிள்ளைக்கு இந்த அடவைப் பழக்குகிற மாஸ்டர், நாளைக்கு அந்தப் பிள்ளைக்காக நீதிமன்றத்தில் வந்து நிற்பாரா? முஸ்லிம் பெயருள்ள பிள்ளை என்றால் அந்த வழக்கு எந்தத் தலைப்போடு பத்திரிகையில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் வகுப்பு இன்னும் மோசம். இருட்டில் மரத்துக்குப் பின்னாலிருந்து பாயும் முன்பின் தெரியாத ஒருவனைப் பற்றியே சொல்லிக்கொடுக்கிறார்கள். பெண்ணுக்குக் கத்தி பெரும்பாலும் தெரிந்தவன் கையிலிருந்து வருகிறது. மறுத்தும் விடாதவன், விலகியும் விடாதவன், சில வீடுகளில் கணவன். அவன் மிரட்டின முதல் குறுஞ்செய்தியை யாரிடம் காட்டுவது, யார் வீட்டுக்குப் போவது, "குடும்ப மானம்" என்று மூடச்சொன்னால் என்ன செய்வது, இதுதான் அவளுடைய கத்திப் பாடத்தின் முதல் பக்கம். மணிக்கட்டுத் திருகல் அல்ல.

கடைசியாக, எந்த வகுப்பிலும் இல்லாத பாடம் இரத்தம். பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அம்புலன்ஸ் வந்து போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்வரை அந்தப் பிள்ளையின் வைத்தியர் பக்கத்தில் நிற்கிற நண்பன்தான். அமெரிக்காவில் 2012 இல் சன்டி ஹூக் பாடசாலையில் சின்னப் பிள்ளைகள் கொல்லப்பட்ட பிறகு சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடி, இரத்தத்தை நிறுத்துவதைப் பொதுமக்களுக்கே பழக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2015 இல் அது நாடளாவிய இயக்கமானது. நம் ஊரில் இன்னும் கோப்பித்தூள் அப்புகிறார்கள்! கோப்பித்தூள் வேண்டாம். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து முழுப் பலத்தோடு அமுக்குங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ஆழமான காயம் என்றால் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அமுக்குங்கள். நெஞ்சு, வயிறு என்றால் உள்ளே திணிக்கக்கூடாது. கையிலோ காலிலோ இரத்தம் பாய்ந்தால், காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலத்தில், மூட்டில் இல்லாமல், அகலமான துணியைக் கட்டி ஒரு தடியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். கத்தி உடம்பில் ஏறி நின்றால் இழுக்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கும்.

1990 ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ், 2018 ஜூலையிலிருந்து வடக்கிலும் இருக்கிறது. இந்த எண்ணை நம் பிள்ளைகளுக்கு மனனமாக்குவது லேசு. நம் வீடுகளில் 1990 என்றால் வேறு ஒன்றுதான் முதலில் ஞாபகம் வரும். இனி இதற்கும் ஞாபகம் வரட்டும்.

மாஸ்டர்மாரே, வகுப்பை மூடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பும் ஒழுக்கமும் தருகிறீர்கள், அதற்கு நன்றி. கத்திப் பாடத்தை மட்டும் ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு, பெற்றோர் முன்னால், உங்கள் மிகச்சிறந்த மாணவனைக் கொண்டுவாருங்கள். அல்லது நீங்களே வாருங்கள். பத்து செக்கன். சோக்கட்டியும் வெள்ளை சேட்டும் நான் கொண்டுவருகிறேன். சேட்டு வெள்ளையாகவே இருந்தால் இதே பக்கத்தில் அதைப் படத்தோடு எழுதுகிறேன். நாள் எது என்று கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், பரீட்சை முடிகிற வாரம் எனக்கு வசதி.